பெருக்காத வாசல்

தோப்புமேட்டு மாதா கோயில் தேர் எங்கே திரும்பும் என்று அந்த ஊரில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மேலத்தெரு முடிகிற இடத்தில் ஒரு பெரிய புளியமரம் நின்றது. கோயிலில் இருந்து புறப்படும் தேர் மேலத்தெரு முழுவதும் அசைந்து வந்து, அந்தப் புளியமரத்தடியில் ஒரு நிமிஷம் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விடும். மரத்துக்கு அந்தப் பக்கம் கீழத்தெரு. அங்கே இருந்தவர்களும் ஞாயிறு தவறாமல் பூசை கண்டவர்கள்தான். கழுத்தில் செபமாலை போட்டவர்கள்தான். ஆனாலும் தேர் அங்கே போகாது. ஏன் என்று கேட்டால் மேலத்தெருப் பெரியவர்கள், "அது பழக்கம்" என்பார்கள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. கீழத்தெரு சனங்கள் மரத்தடிக்கு வந்து நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

வில்லியனூருக்குத் தெற்கே கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே கிடந்த அந்தச் சின்ன ஊரில், அன்னாமேரிக்கு அந்தப் புளியமரம் இன்னொரு விதத்திலும் எல்லையாக இருந்தது. கோயில் வளவைப் பெருக்குவதும், திருவிழா நாளில் தேர் ஓடும் வழியைப் பெருக்கி நீர் தெளிப்பதும் அவள் வேலை. கோயில் வாசலில் குனிந்தால் மரத்தடியில்தான் நிமிர்வாள். துடைப்பம் புளிய வேரில் தட்டியதும் அவள் கை தானாக நின்றுவிடும். அங்கிருந்து மூன்றாவது குடிசை அவளுடையது. தன் வாசலைப் பெருக்குவாளே தவிர, நடுவில் இருந்த தெருவில் துடைப்பம் வைத்ததில்லை. தேர் வராத தெருவை யார் பெருக்கச் சொன்னார்கள்?

அவள் புருஷன் யாகப்பன் பட்டணத்து மில்லுக்கு வேலைக்குப் போனவன். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலோடு திரும்பி வந்தான். வந்த வாரமே கண்ணை மூடிவிட்டான். அவன் விட்டுப் போன ஒரே சொத்து மகள் மதலேனாள். அந்தச் சொத்துக்கும் பழுது வந்தது. ஒன்பது வயதில் மூட்டு மூட்டாய் வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, ஆனால் போகும்போது குழந்தையின் இருதயத்தைக் கெடுத்துவிட்டுப் போயிற்று. பத்தடி நடந்தால் உதடு நீலம் பூத்துவிடும். ஓடி விளையாட வேண்டிய வயதில் அவள் கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். கூரை ஓட்டை வழியாக விழும் வெயில் வட்டம் சுவரில் ஏறி இறங்குவதைப் பார்ப்பதுதான் அவளுக்கு விளையாட்டு.

அது அறுபத்தொன்பதாம் வருஷத்து மே மாதம். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள்.

பட்டணத்துப் பிள்ளைகளுக்கு லீவு என்றால் கடற்கரை உண்டு, சர்க்கஸ் கொட்டகை உண்டு. தோப்புமேட்டுப் பிள்ளைகளுக்கு என்ன உண்டு? காசில்லாமல் கிடைப்பதெல்லாம் உண்டு. காலையில் கரும்புக் கொல்லை பம்புசெட்டுத் தொட்டியில் குதித்துக் கண் சிவக்கக் குளிப்பது. நுங்கு தின்றுவிட்டு அந்த வெற்றுக் காயில் கவைக்குச்சியைச் செருகி வண்டி உருட்டுவது. வெயில் ஏறினால் தோப்பில் கிட்டிப்புள். பத்து, பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கு அதுவும் ஒரு பதினைந்து நாளில் அலுத்துவிடும். அப்புறம்தான் அவர்களுக்குச் சின்னத் தேர் நினைவு வரும்.

ஈஸ்டர் முடிந்து கோயில் தேர் ஓடியதும், பிள்ளைகள் தாங்களே ஒரு தேர் கட்டி மே மாதக் கடைசி நாளில் இழுப்பார்கள். மாதாவுக்கென்று வைத்த அந்த மாசம் அன்றைக்கு முடிகிறது. லீவும் ஏறக்குறைய முடிகிறது. மூங்கில் பிளாச்சு, வாழைத்தண்டு, மைதாப் பசை, பனங்கட்டையில் அறுத்த சக்கரம், இவ்வளவுதான் தேர். காகிதப் பூவுக்கு மட்டும் எங்கே போவது? அதைக் கொடுத்தவள் அன்னாமேரி. பெரிய தேரில் இருந்து பிய்ந்து விழுந்த பூக்களைக் கூட்டி அள்ளும்போது, குப்பையில் போடாமல் முந்தானையில் கட்டி மகளுக்காகக் கொண்டு வந்துவிடுவாள். மதலேனாள் கட்டிலில் படுத்தபடியே கசங்கிய இதழ்களை நகத்தால் நீவி நீவிப் புதுப் பூவாக ஆக்கிவிடுவாள். அதனால் அந்த லீவில் மேலத்தெருப் பிள்ளைகளும் புளியமரத்தைத் தாண்டி, பெற்றவர்களுக்குத் தெரியாமல், அந்தக் குடிசைக்கு வந்து கூடினார்கள்.

அவர்களுக்குத் தலைவி இன்பமேரி. மேலத்தெருவில் கரும்பும் நெல்லுமாய் நிலம் வைத்திருந்த சூசைநாதனின் ஒரே மகள். பதினோரு வயது. தெருவில் கண்டால் "அன்னாமேரி" என்று பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அவள் வீட்டுப் பழக்கம் அது. குடிசைக்குள் குனிந்து நுழைந்துவிட்டால் "அக்கா" என்பாள். அந்த ஒரு சொல்லுக்காகவே அன்னாமேரி அவளுக்கு அடுப்பில் இருந்து முதல் மரவள்ளிக் கிழங்கை எடுத்துக் கொடுப்பாள்.

"இன்னாடி மதலேனா, பூவு முடிஞ்சிச்சா?"

"முடியல. நீங்க சக்கரத்த முடிச்சீங்களா?"

கீழத்தெருப் பிலவேந்திரன் வாசலில் உட்கார்ந்து பனங்கட்டையைச் செதுக்கிக்கொண்டிருந்தான். "இவ ராணியாட்டம் படுத்துகினு கேக்குறா பாரு. நாங்கதான் கூலிக்காரங்க."

"டேய் கூலி, இன்னாடா ஒரு சக்கரம் பெருசு, ஒண்ணு சிறுசா கீது? உன் கண்ணு மாதிரியே செதுக்கி வச்சிருக்க," என்றாள் இன்பமேரி.

குடிசை அதிரச் சிரித்தார்கள். மதலேனாளும் சிரித்தாள், சிரித்ததில் மூச்சு வாங்கி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். சட்டென்று எல்லாரும் அடங்கிப் போனார்கள். அந்த அமைதியில் இன்பமேரி கேட்டாள்.

"நீ தேர எப்பிடிடி பாப்ப?"

"போன வருசம் அம்மா இடுப்புல தூக்கிகினு மரத்தாண்ட வந்துச்சு. இந்த வருசம் அசையவே கூடாதுன்னு ஆஸ்பத்திரில சொல்ட்டாங்க." மதலேனாள் பூவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பரவால்லடி. நீங்க பாடுறது இங்க கேக்கும்."

இன்பமேரி கட்டில் காலைச் சுரண்டினாள். பிறகு, யாரும் அந்த ஊரில் சொல்லத் துணியாததை மிகச் சாதாரணமாகச் சொன்னாள்.

"நீ வர முடியாதுன்னா தேரு இங்க வரட்டும். மரத்துல இருந்து நாலு தப்படிதான கீது. இன்னா அக்கா, வர்லாம்ல?"

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அன்னாமேரி ஊதுவதை நிறுத்தினாள். வராதும்மா, கூடாதும்மா, உங்கப்பா உன்னை அடிப்பார், என் வேலை போய்விடும் என்று சொல்ல வேண்டியவள் அவள்தான். நாலு பெரியவர்களுக்கும் அவளுக்கும் தெரிந்தது அந்தப் பிஞ்சுகளுக்குத் தெரியாது. ஆனால் அவள் நிமிர்ந்தபோது கண்ணில் பட்டது மகளின் முகம். மாதக்கணக்கில் வெளுத்துக் கிடந்த அந்தக் கன்னத்தில் இரத்தம் ஏறியிருந்தது. அன்னாமேரி பேசாமல் மறுபடி அடுப்பை ஊதினாள். எரிகிற அடுப்பை ஊதினாள்.

அன்று சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு மதலேனாள் கேட்டாள்: "அம்மா, நெசமாவே வருமா?"

"வரும்டி என் தங்கமே. உன் வாசல்லயே வந்து நிக்கும்."

சொல்லிவிட்டாள். ஒரு தாய் தன் மகளுக்குக் கொடுத்த வாக்கு. அந்தக் கணத்தில் இருந்து அவளுக்கு உலகத்தில் வேறு வேண்டுதலே இல்லாமல் போயிற்று. மகள் பிழைக்க வேண்டும் என்று கூட அவளால் வேண்ட முடியவில்லை. அந்தத் தேர் மட்டும் வந்துவிட்டால் போதும்.

மே மாதக் கடைசி நாள் வந்தது. பிள்ளைகள் தேரானாலும் வழியைப் பெருக்குவது அவள் வழக்கம். வெயில் தாழ்ந்ததும் கோயில் வாசலில் குனிந்தாள். மேலத்தெரு முழுக்கப் பெருக்கி, குடத்தில் இருந்து நீர் தெளித்துக்கொண்டே புளியமரத்துக்கு வந்தாள். துடைப்பம் வேரில் தட்டியது. நிமிர வேண்டிய இடம்.

அவள் நிமிரவில்லை.

மாதா வருகிற வழியல்லவா! சாணமும் சருகுமாய்க் கிடக்கும் தெருவிலா அந்தத் தாயை வரவழைப்பது? குனிந்தவள் குனிந்தபடியே மரத்தைத் தாண்டினாள். பெருக்கினாள். கல் பொறுக்கினாள், நீர் தெளித்தாள். தன் வாசல் வரைக்கும் அந்தத் தெரு, தலை வாரிய குழந்தை மாதிரி வரிவரியாய் ஆயிற்று. கட்டிலை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டு, மகளைத் தலையணையில் சாய்த்து, அவள் கூந்தலில் ஒரு காகிதப் பூவையும் செருகினாள்.

தேர் புறப்பட்டது. தகர டப்பாதான் மேளம், சைக்கிள் பெல்தான் கோயில் மணி. இன்பமேரி வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஒரு சாண் உயர மாதா சுரூபம், நீல அங்கியோடு, காகிதப் பூக்களுக்கு நடுவே நின்றது. பிள்ளைகள் கயிறு பிடித்துப் பாடிக்கொண்டே இழுத்தார்கள். பின்னால் சூசைநாதனும் மேலத்தெரு ஆண்கள் சிலரும் வேடிக்கை பார்த்தபடி சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். மரத்தடியில் கீழத்தெரு சனம் கைகூப்பி நின்றது. அவர்களோடு அன்னாமேரியும் நின்றாள்.

புளியமரத்தடியில் தேர் நின்றது. திரும்பவில்லை. இன்பமேரி கயிற்றை இழுத்துப் பிடித்துக் கீழத்தெருவுக்குள் காலை வைத்தாள்.

"இன்பமேரி! கயித்தத் திருப்பு." சூசைநாதனின் குரல் அதட்டலாகக் கூட இல்லை. பிள்ளை வழி தப்பிவிட்டது என்றுதான் நினைத்தார்.

"அப்பா, மூணே வூடுப்பா. மதலேனா பாத்துட்டா திரும்பிடுவோம்பா. அவளால வர முடியாதுப்பா."

ஒரே மகள், அதுவும் கண்ணில் நீரோடு கேட்கிறாள். பக்கத்தில் நின்ற ஒருவர், "வுடு சூசைநாதா, பசங்க வெளாட்டுக்கு இன்னா கணக்கு? சட்டுனு போய்ட்டு வந்துடப் போவுதுங்க" என்றார். சூசைநாதன் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். உதட்டோரம் ஒரு சிரிப்புக் கூட வந்துவிட்டது. இன்னும் ஒரு நொடி. ஒரே ஒரு நொடி போயிருந்தால் தேர் உருண்டிருக்கும்.

அந்த நொடியில் அவர் தரையைப் பார்த்தார்.

ஈர மண். துடைப்பத்தின் வரிகள். மரத்தடியில் இருந்து ஒரு குடிசை வாசல் வரைக்கும் கோடு போட்ட மாதிரி வழி. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"யாரு இங்க பெருக்குனது?"

அன்னாமேரிதான் முன்னால் வந்தாள். "நான்தாங்க ஐயா."

"யாரு பெருக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க ஐயா... மாதா வர்ற வழியாச்சேன்னு..."

"அப்ப வரும்னு முன்னாலயே தெரியும் உனக்கு." அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தீங்களா? பசங்க வெளாட்டாம்! தண்ணி தெளிச்சு ரோடு போட்டு வச்சிகினு கீறாங்க. இன்னிக்கு இந்தத் தேரு வரும். அடுத்த வருசம் பெரிய தேரு வரும். அதான இன்னா?"

"ஐயா, அப்பிடி எல்லாம் இல்லீங்க ஐயா! என் கொயந்த சாவக் கிடக்குதுங்க. ஒரு வாட்டி பாத்துட்டா போதும்னு..." அன்னாமேரி ஈர மண்ணில் விழுந்தாள். தான் பெருக்கிய மண்ணிலேயே நெற்றியை வைத்துக் கதறினாள்.

இப்போது யாரும் 'வுடு சூசைநாதா' என்று சொல்லவில்லை. சூசைநாதன் தேருக்கு அருகில் போனார். பூக்களை ஒதுக்கி, சுரூபத்தை இரண்டு கையாலும் மெதுவாக எடுத்தார். பக்தி உள்ள மனிதர்தான். எடுத்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"தேரு பசங்களுது. எங்க வேணா இஸ்துகினு போவட்டும். சுரூபம் என் வூட்டுது."

மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவர் நடந்தார். இன்பமேரி அழுத அழுகை மேலத்தெரு முனை வரைக்கும் கேட்டது. மேலத்தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவராய்க் கயிற்றை விட்டார்கள். மிஞ்சியது பிலவேந்திரனும் மற்ற கீழத்தெருப் பிள்ளைகளும்தான். பிலவேந்திரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கயிற்றைத் தோளில் போட்டான்.

பாட்டு இல்லை, மேளம் இல்லை. பெரியதும் சிறியதுமான சக்கரங்கள் நொண்டி நொண்டி அந்தப் பெருக்கிய தெருவில் வந்தன. அன்னாமேரி முன்னால் ஓடினாள். புடவையில் மண், நெற்றியில் மண். வாசலில் நின்றாள். தேர் வந்து நின்றது. பூக்களுக்கு நடுவே ஒரு சாண் வெற்றிடம்.

மதலேனாள் நெடுநேரம் பார்த்தாள். அவள் விரல்கள் நீவிய பூக்கள் எல்லாம் இருந்தன.

"மாதா எங்கம்மா?"

எந்தத் தாய்க்கும் அப்படி ஒரு கேள்வி வரக் கூடாது. அன்னாமேரி கட்டிலருகே வந்து குந்தினாள். பிறகு எங்கிருந்தோ ஒரு சிரிப்பை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"அவங்க அப்பவே எறங்கிட்டாங்கடி. எறங்கி நடந்தே உள்ள வந்துட்டாங்க. உன் கட்டிலாண்ட தான் நிக்கிறாங்க. தெரியல உனக்கு?"

மதலேனாளுக்குப் பன்னிரண்டு வயது. புளியமரத்தடியில் எழுந்த சத்தம் எல்லாம் அவள் காதில் விழுந்துதான் இருந்தது. அம்மாவின் நெற்றி மண்ணை அவள் பார்த்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"நிக்க வச்சிகினே கீறியேம்மா. ஒரு பாயப் போடு."

அன்னாமேரி பாயை விரித்தாள். வாசலில் நின்ற பிலவேந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் மதலேனாள் போய்விட்டாள். காய்ந்த காகிதப் பூக்களையே அவள் மேல் போட்டார்கள். இன்பமேரி புளியமரம் வரைக்கும் வந்து நின்றாள்; அதற்கு மேல் வரவில்லை. அந்த வருஷமே அவளைப் பட்டணத்து கான்வெண்ட் விடுதியில் சேர்த்துவிட்டார்கள். சின்னத் தேர் கட்டுவதும் அந்த ஊரில் நின்று போயிற்று. லீவு விட்டால் பிள்ளைகள் பம்புசெட்டில் குளித்தார்கள், நுங்கு வண்டி உருட்டினார்கள், அத்தோடு சரி.

அன்னாமேரி கோயில் வேலையை விடவில்லை. விட்டால் அடுப்பு எரியாது. ஆனால் அன்றைக்குப் பிறகு அவளுக்குள் ஒரு நினைப்பு முள்ளாய்ச் சிக்கிக்கொண்டது. சூசைநாதன் மேல் அவளுக்குக் கோபம் கூட வரவில்லை. தன் கைதான் கெடுத்தது என்றிருந்தாள். அந்தத் தெரு சாணமும் சருகுமாய்க் கிடந்திருந்தால் அவர் தரையைப் பார்த்திருக்க மாட்டார். நான் பெருக்கினேன், அதனால்தான் மாதா வரவில்லை. பக்கத்து வீட்டுக் காசம்மாள் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். "போடி பைத்தியமே, பெருக்காட்டியும் அந்தாளு வுட்டிருக்க மாட்டான்." அன்னாமேரி தலையை ஆட்டுவாள். வுட்டிருப்பாரு, சிரிச்சாரு, நான் பார்த்தேன் என்பாள்.

பிறகு மே மாதம் பிறந்தால் அவள் தன் வாசலில் துடைப்பம் வைக்க மாட்டாள். ஊரெல்லாம் பெருக்கிவிட்டு வந்து, வேப்பஞ் சருகு மூடிய வாசலை மிதித்துக்கொண்டு உள்ளே போவாள். உள்ளே கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்தே கிடக்கும்.

எண்பத்து நாலாம் வருஷம் கோயிலுக்குப் புதிதாக ஒரு பங்குச் சாமியார் வந்தார். பிடிவாதக்காரர். தேர் ஓடினால் இரண்டு தெருவிலும் ஓட வேண்டும், இல்லாவிட்டால் கோயில் கொட்டகையை விட்டே கிளம்பக் கூடாது என்று சொல்லிவிட்டார். சண்டை நடந்தது, பஞ்சாயத்து நடந்தது. கடைசியில், மே மாதம் பாதி போன பிறகு, மேலத்தெரு இறங்கி வந்தது. கீழத்தெருவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வீடு வெள்ளையடித்தார்கள். வாசலுக்கு வாசல் நீர் தெளித்தார்கள். அன்னாமேரியின் வாசலில் மட்டும் சருகு கணுக்கால் உயரம் கிடந்தது.

"இன்னாடி இது? மாதா வர்ற வழியில இப்பிடிக் குப்பையப் போட்டு வச்சிகினு கீற?" என்று காசம்மாள் துடைப்பத்தை எடுத்தாள். அன்னாமேரி அதைப் பிடுங்கிக் கூரையில் செருகினாள்.

அப்போது புளியமரத்தடியில் இருந்து ஒரு கிழவர் கோலூன்றிக்கொண்டு வந்தார். சூசைநாதன். வேட்டி கட்டக் கூட ஆள் உதவி வேண்டியிருந்த உடம்பு. அந்த மரத்தைத் தாண்டி அவர் வந்தது அதுதான் முதல் தடவை. வாசலுக்கு வெளியே நின்றார்.

"அன்னாமேரி... தேரு வருது. நீயே உன் கையால பெருக்கிடு."

அவள் நிலைப்படியில் நின்று அவரைப் பார்த்தாள். தலைமயிர் பஞ்சாய் வெளுத்திருந்தது. அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கிழவர் தாங்கியிருப்பார்.

"வேணாங்க ஐயா. நான் பெருக்குனா வராதுங்க."

சூசைநாதனின் கைக்கோல் சருகில் ஆடியது. அவர் அங்கேயே நின்றார். அன்னாமேரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாய்க்கு எதிரே, மகளின் கட்டில் காலில் சாய்ந்து அவள் உட்கார்ந்தாள். தூரத்தில் மேளம் கேட்டது. பாட்டு நெருங்கியது. புளியமரத்தடியில் வழக்கமாக வரும் அந்த நிறுத்தம் வந்தது. திரும்பிவிடும். எப்போதும் திரும்பிவிடும்.

சக்கரங்கள் மறுபடி உருண்டன. முதல் வீட்டில் சனம் ஆரவாரம் செய்தது. இரண்டாவது வீட்டில் குலவை எழுந்தது. அதன் பிறகு அந்தப் பெருத்த மரச் சக்கரங்களுக்கு அடியில், அவள் வாசலில், பெருக்காமல் விட்ட வேப்பஞ் சருகுகள் ஒவ்வொன்றாய் நொறுங்கும் சத்தம் கேட்டது.

அன்னாமேரி எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பாயின் ஓரத்தில் மடங்கியிருந்த ஒரு நுனியை நீவி நேராக்கினாள்.

"மதலேனா," என்றாள். "வந்துட்டாங்கடி."